நிலுவையில் இருந்த குப்பை

குளத்தக்காவின் பதவிப் பெயர் ஒரே மூச்சில் சொல்லி முடிகிற சமாசாரம் அல்ல. 'மக்கள், மரபு, பறவைகள் மற்றும் வாழிட இணைப்பு ஒருங்கிணைப்பாளர்.' அடையாள அட்டையில் இடம் போதாமல் 'பறவைகள் மற்றும் வா' என்பதோடு நின்றுவிட்டது. மீதியை அவர்தான் வாயால் சொல்லி நிரப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடம் சொல்லி அலுத்துப்போய், யார் கேட்டாலும் "குளத்துல வேலை" என்று முடித்துக்கொள்ளப் பழகினார். குடியிருப்புக்காரர்கள் அதையும் சுருக்கிக் குளத்தக்கா ஆக்கிவிட்டார்கள். வீட்டில் கணவர் மட்டும் இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதுவும் குழாய் ஒழுகும்போது மட்டும்.

குளம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மூன்று பக்கம் ஐந்து மாடிக் கட்டடங்கள், நாலாவது பக்கம் வண்டிகள் நிறுத்துமிடம், நடுவில் மறந்துபோய் விட்டுவைத்த மாதிரி கொஞ்சம் தண்ணீர். கரையோரம் கோரை, உள்ளே பாசி. வடகிழக்கு மூலையில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அதுதான் இணைப்பு மையம். உள்ளே மரபுப் பிரிவு ஒரு பக்கம், பறவைப் பிரிவு ஒரு பக்கம். மரபுப் பிரிவில் இருப்பவை மூன்று பொருள்கள்: அந்தக் குளத்துக் கோரையில் ஒரு காலத்தில் பின்னிய பாய், ஒரு மீன் கூடை, கோரை அறுக்கும் ஆட்களின் மங்கிய புகைப்படம். பாயின் ஓரத்தை எலி தின்றுவிட்டதால் மரபில் கால் பங்கு குறைவு. பறவைப் பிரிவில் சுவர் நிறையப் படங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு தொலைநோக்கி. 'பொதுமக்கள் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம்' என்று எழுதி, பக்கத்தில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு. பேனா நாலு முறை மாறிவிட்டது. நோட்டின் முதல் பக்கம் இன்னும் வெள்ளை.

ஆனால் மையத்துக்குக் கூட்டம் வரவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நடைப்பயிற்சிப் பாதையில் கழிவறை உள்ள ஒரே இடம் அதுதான். மாதா மாதம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் 'இயற்கையோடு இணைக்கப்பட்டோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. கழிவறைக்கு வருகிறவர்களை அதில் சேர்க்கலாமா என்று அக்கா ஆரம்ப காலத்தில் நேர்மையாகக் கேட்டு எழுதினார். ஐந்து மாதம் யோசித்துப் பதில் வந்தது: 'மையத்தின் வாசலைத் தாண்டிய அனைவரும் இணைக்கப்பட்டவரே.' அன்றிலிருந்து எந்த மாதமும் ஆயிரத்துக்குக் குறைந்ததில்லை.

பறவைகளோடு மக்கள் நேரடியாகப் பேச முடியாததால் நடுவில் அக்கா தேவைப்பட்டார். நீர்க்காகம் காரின் மேல் அசிங்கம் செய்துவிட்டால், "உங்க பறவை பண்ணின வேலையப் பாருங்கக்கா, கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா" என்று வருவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நாரை நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போனால் நாலாவது நிமிடம் ஊஞ்சல் எங்கே என்று கேட்டார்கள். நாரையும் நாலு நிமிடத்துக்கு மேல் அவர்களைப் பொறுத்துக்கொண்டதில்லை. அந்த விஷயத்தில் இரு தரப்புக்கும் நல்ல இணக்கம் இருந்தது. அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. முழங்கால் இரண்டும் அவரைவிட மூத்தவை போல நடந்துகொண்டன. சாயங்காலம் வீடு போனதும் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்காருவார். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கணவர், எதிரே ஏதாவது ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு எத்தனை பேரை இணைச்சே?" என்று கேட்பார். கிண்டல்தான். ஆனால் தினம் கேட்பார்.

"ஒருத்தரையாவது உண்மையா இணைச்சிருக்கேனான்னு தெரியல" என்று ஒரு நாள் அக்கா பதில் சொன்னார். அன்று கணவர் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, வாளியில் இன்னொரு சொம்பு வெந்நீர் ஊற்றினார்.

இந்த நிலைமையில்தான் அந்த மாதம் முதல் தேதி, காலைச் சுற்றின்போது, மையத்துக்கு எதிரே கரையிலிருந்து பத்தடி தள்ளி, பாசிக்கு நடுவில் மிதக்கும் அழுகல் குவியல் ஒன்றை அக்கா பார்த்தார். பார்த்தால் யாரும் முகம் சுளிப்பார்கள். அக்காவுக்குத் தெரியும், அது முக்குளிப்பானின் கூடு. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற அளவுப் பறவை. கண் இமைத்தால் தண்ணீருக்குள் போய்விடும். பாசியையும் கோரையையும் குவித்து மிதக்கும் மேடு கட்டி முட்டையிடும். எழுந்து போகும்போது ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். குப்பை என்று எல்லாரும் நினைக்க வேண்டும் என்பதே அதன் பாதுகாப்பு ஏற்பாடு. அதில் அது முழு வெற்றி பெற்றிருந்தது. நாலு முட்டை இருந்தன. குஞ்சு வெளியே வர மூன்று வாரம் பிடிக்கும். இருபது, இருபத்தொன்று தேதி என்று அக்கா மனக்கணக்குப் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே குளப் பராமரிப்புப் பொறியாளர் வந்தார். நாற்பதைத் தொடாத மனிதர், கெட்டவர் அல்ல. தூங்கி எழுந்தது முதல் தொலைபேசியில் திட்டு வாங்குவதே உத்தியோகம் என்பதால் முகம் எப்போதும் காது வலிக்கிறவர் மாதிரி இருக்கும். பதினாறாம் தேதி 'மக்கள்–இயற்கை சங்கம நாள்', தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், அதற்கு முதல் நாள் இயந்திரம் விட்டுப் பாசி முழுவதையும் வாரிவிட வேண்டும் என்றார்.

"தண்ணி தெரியணும் மேடம். போன வருஷ ஃபோட்டோவுல வெறும் பச்சை. புல்வெளியான்னு கேட்டாங்க."

அக்கா அவரைக் கரைக்குக் கூட்டிப்போய்க் குவியலைக் காட்டினார். பொறியாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கூடுன்னா மரத்துல இருக்கணும் மேடம்."

இது மரத்தில் கட்டாது என்று அக்கா விளக்கினார். ஒரு வாரம் மட்டும் தள்ளி வைக்கக் கேட்டார். பொறியாளருக்கு மனசு இல்லாமல் இல்லை. ஆனால் தேதி மேலேயிருந்து வந்தது, முட்டை கீழே இருக்கிறது, மேலே எழுதிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா எழுதினார். மூன்றாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. மூலையில் சிவப்பு மையில் குறிப்பு: 'கோரிக்கையாளரின் பெயர், கதவு எண் இல்லை.' பறவையின் சார்பாகத் தான் எழுதியதாகத் தொலைபேசியில் சொன்னதற்கு, ஊழியர்கள் யார் சார்பாகவும் கோரிக்கையோ புகாரோ தரக்கூடாது என்ற விதியைப் படித்துக் காட்டினார்கள். மரியாதையாகத்தான் படித்தார்கள்.

புகார் சார் உள்ளே வந்தது அப்போதுதான்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. டயர் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தர ஆய்வாளர். ஓடி வரும் டயர்களில் குறை கண்டுபிடித்துச் சுண்ணக்கட்டியால் குறி போடுவது வேலை. ஓய்வு கொடுத்தார்களே தவிர, கண்ணை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. குளத்தைப் பார்த்த மூன்றாவது மாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். மருமகள் சமையலில் குறை சொல்ல வழியில்லாதபடி சமைக்கிறவள் என்பதால், குறைக்காக அவர் வெளியே வர வேண்டியிருந்தது. லிஃப்ட், தெருவிளக்கு, குப்பை வண்டியின் மணி, எதையும் விட்டதில்லை. பறவை விஷயமாக அவர் கொடுத்த முதல் புகார் நாலு வருடத்துக்கு முந்தியது: 'தினமும் விடியற்காலையில் குளத்திலிருந்து யாரோ என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.' அது முக்குளிப்பானின் குரல், அப்படித்தான் கிலுகிலுவென்று இருக்கும் என்று அக்கா அரைமணி நேரம் சொன்னார். "பறவைன்னே வச்சுக்குவோம். என்னைப் பார்த்து ஏன் சிரிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

இன்று அவர் நீட்டிய காகிதத்தில் இருந்தது: 'குளத்தின் வடகிழக்கு மூலையில் மக்கிய குப்பை மேடு. உடனே அகற்றுக.'

அக்கா வாயைத் திறந்தார். சார், அது குப்பை இல்லை, என்று ஆரம்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் வாக்கியம் நாக்கு நுனிவரை தானாகவே வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு விதி நினைவுக்கு வந்தது.

முன்பு ஒரு முறை, பூங்காவில் உடைந்த பெஞ்சு பற்றிப் புகார் வந்தது. ஆய்வுக்குப் போனபோது பெஞ்சே இல்லை. பெஞ்சு இருந்ததா, உடைந்ததா, உடைந்தது என்றால் எந்தக் கால் என்று எட்டு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. அதன் பிறகு ஒரு விதி செய்தார்கள்: புகாருக்கு உள்ளான பொருளை, புகார்தாரர் முன்னிலையில் ஆய்வு முடியும் வரை, இருந்தது இருந்தபடியே வைத்திருக்க வேண்டும். முப்பது நாள் அவகாசம். நடுவில் தொட்டவர் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். பறவையைப் பற்றி மக்களிடம் பேசவே நியமிக்கப்பட்டவர், பணிக்காலத்திலேயே முதல் முறையாக ஒரு பறவையைப் பற்றிப் பேசாமல் இருந்தார். புகாரைப் பதிந்து, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தார்.

"எப்ப எடுப்பீங்க?"

"பார்க்கறோம் சார்."

"பார்க்கறோம்னா?"

"நல்லா பார்க்கறோம் சார்."

செய்தி கேட்டுப் பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். குப்பையை எடுக்கச் சொல்லிப் புகார், எடுக்கத்தானே இயந்திரம் வருகிறது, எடுத்துவிட்டால் புகார்தாரருக்குச் சந்தோஷம்தானே என்று வாதாடினார். அக்கா விதியின் நகலை நீட்டினார். அதில் புகார்தாரரின் சந்தோஷம் பற்றி எதுவும் இல்லை. கடைசியில், மற்ற இடமெல்லாம் வாரிவிட்டு இதை மட்டும் விடலாம், அதற்குள் அவரையே புகாரைத் திரும்பப் பெற வைக்கலாம் என்று பொறியாளர் முடிவுக்கு வந்தார். நாலு மூங்கிலை நட்டுச் சிவப்பும் வெள்ளையுமான பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றிக் கட்டினார்கள். 'புகார் நிலுவையில் உள்ளது. தொடாதீர்கள்' என்று ஒரு பலகையும் வைத்தார்கள்.

மையத்தின் சரித்திரத்தில் மக்கள் நின்று படித்த முதல் பலகை அதுதான். பறவைகளின் உணவு, உறைவிடம், ஆயுள் பற்றியெல்லாம் பதினாலு பலகைகள் வெயிலில் வெளுத்துக்கொண்டு நின்றன. அவற்றைச் சீண்டுவாரில்லை. இதற்கு முன்னால் மட்டும் நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று, என்ன புகார், யார் மேல், என்று கரையோரக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். அக்காவிடம் வந்து விசாரித்தார்கள். விசாரணை நடக்கிறது என்று அக்கா சொன்னார்.

புகார் சாருக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருகிற வழக்கம் கிடையாது. தினமும் பத்து மணிக்கு மையத்துக்கு வந்து, புகாரின் நிலைமை குறித்து ஒரு நினைவூட்டல் கொடுத்தார். நாளாக நாளாக நினைவூட்டல்கள் நீண்டன. 'குப்பை நேற்றைவிட இடப்பக்கம் இரண்டு விரல் உயர்ந்துள்ளது. யாரோ புதிதாகக் கொண்டுவந்து போடுகிறார்கள்.' இரண்டு நாள் கழித்து: 'குப்பையின் மேல் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. இது ஆக்கிரமிப்பு.' மறுநாள்: 'உட்கார்ந்திருப்பது ஒன்று அல்ல, இரண்டு. முறை வைத்து மாறுகின்றன. காலை 7.40, 9.55, 12.10. நேரம் தவறவில்லை.' கடைசி வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருந்தார். முப்பத்தொரு வருடத் தொழிற்சாலை வாழ்க்கையில் அவர் யாரையும் இப்படிப் பாராட்டி எழுதியதில்லை. குளத்தில் இருபத்திரண்டு வருடமாக அக்கா எழுதிய குறிப்புகள் எதிலும் இத்தனை துல்லியம் கிடையாது. மூன்றாவது மாடியிலிருந்து கண் எட்டவில்லை என்று, பத்தாம் தேதி கண்ணாடிப் பெட்டியைக் கைகாட்டினார். நோட்டின் முதல் பக்கத்தில் முதல் கையெழுத்து விழுந்தது. எடுக்கும் காரணம் என்ற இடத்தில் 'சாட்சியம் சேகரிக்க' என்று எழுதினார்.

பன்னிரண்டாம் தேதி பத்து மணிக்கு வரவேண்டியவர் எட்டரைக்கே வந்தார். நினைவூட்டல் எதுவும் கையில் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது குப்பை இல்லம்மா."

"ஆமா சார்."

"எழுந்து போகுறப்போ மூடிட்டுப் போகுது. அடியில முட்டை இருக்கு. நான் பார்த்தேன்."

"நாலு இருக்கு சார்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொதல்லேர்ந்தே தெரியும்."

"பின்ன ஏம்மா சொல்லல?"

"இருபத்திரண்டு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கேன். யாரு கேட்டா?"

புகார் சார் கொஞ்ச நேரம் பாயைப் பார்த்தார், எலி தின்ற ஓரத்தைப் பார்த்தார். அதைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் கொள்கையைச் சொன்னார். நல்ல டயரில் அவர் ஒரு நாளும் தவறான குறி போட்டதில்லை. போட்டது தவறு என்று தெரிந்தால் அந்த நிமிடமே துணியை எடுத்து அழித்துவிடுவார். ஆகவே இந்தப் புகாரைத் திரும்பப் பெறுகிறார், காகிதம் வேண்டும்.

அக்கா காகிதம் கொடுக்கவில்லை. இந்தப் புகார் இருக்கிற வரைக்கும்தான் கூடு இருக்கும், புகார் போனால் பதினைந்தாம் தேதி இயந்திரம் வரும் என்று எல்லாவற்றையும் சொன்னார். இருபத்தொன்றுவரை தாங்கினால் போதும் என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்ததை அவரே கவனித்து நிறுத்திக்கொண்டார்.

"தெரிஞ்சே பொய்ப் புகாரை வச்சிருக்கச் சொல்றீங்க."

"ஆமா சார்."

அவர் எழுந்து போய்விட்டார். தொலைநோக்கியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு அதுதான் சுருக்கென்றது.

அன்று சாயங்காலம் வாளிக்கு எதிரே கணவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்திருக்க வேண்டும். ஒருவர் வந்தார், வந்து போய்விட்டார், அவர் நேர்மையானவர், அதுதான் பிரச்சினை என்று அக்கா சொன்னார். கணவர் யோசித்துவிட்டு, நேர்மையான ஃபிரிட்ஜ் என்று ஒன்று உண்டு, அதைப் பழுது பார்க்கவே முடியாது, ஏனென்றால் எந்தக் கோளாறையும் அது மறைக்காது, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றார். ஆறுதல் சொல்கிறாரா என்பது அக்காவுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் பொறியாளர் மையத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பப் பெறும் படிவத்தை அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். பேனா மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். சரியாகப் பத்துக்குப் புகார் சார் உள்ளே வந்தார், கையில் ஒரு கடிதத்தோடு.

பொறியாளர் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, "ஒரு கையெழுத்து சார், அவ்வளவுதான். எல்லாருக்கும் நிம்மதி" என்றார்.

புகார் சார் படிவத்தை முழுவதும் படித்தார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பிறகு தன் கடிதத்தை அக்காவின் மேசையில் வைத்தார். அதில், முந்தைய புகாரில் 'மக்கிய குப்பை' என்று எழுதியது தவறு, 'தாவரக் குவியல்' என்று திருத்திக்கொள்ளவும் என்று முதல் வரி. குவியல் வடகிழக்கு மூலையில் இருப்பது உண்மை, அதை ஆய்வு செய்யாமல் யாரும் தொடக்கூடாது என்று இரண்டாவது வரி. முழங்கால் வலி காரணமாக இருபத்திரண்டாம் தேதிக்கு முன் தன்னால் கரைவரை வந்து நிற்க இயலாது என்று மூன்றாவது வரி.

"இப்ப வந்து நிக்கிறீங்களே சார்" என்றார் பொறியாளர்.

"இது அறை. அது கரை. சரிவா இருக்கு."

"நெஜமாவே வலி இருக்கா?"

"நாலு வருஷமா இருக்கு. நான் பொய் எழுதுற ஆள் இல்ல."

போகும்போது நோட்டில் கையெழுத்துப் போட்டுத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் இம்முறை ஒன்றும் எழுதவில்லை. பொறியாளர் பேனாவுக்கு மூடியைப் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்த்து, "என் காது போச்சு மேடம்" என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தாம் தேதி இயந்திரம் வந்து பாசியையும் கோரையையும் வாரியது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் தெரிந்தது, நடுவில் நாடா கட்டிய வட்டத்துக்குள் குவியல் மட்டும் கழுவாமல் விட்டுவைத்த பாத்திரம் மாதிரி மிதந்தது. பதினாறாம் தேதி சங்கம நாள். ஒலிபெருக்கி அலறியது, பலூன் விட்டார்கள், மக்களும் இயற்கையும் பிரிக்க முடியாதவை என்று பெரியவர் ஒருவர் பேசினார். பேசிய அத்தனை நேரமும் இயற்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். மேடையை அப்படிப் போட்டிருந்தார்கள். எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அவர் தோளுக்கு மேலே 'புகார் நிலுவையில் உள்ளது' தெளிவாக விழுந்தது.

காலை 10.05க்கு, ஒலிபெருக்கியைச் சோதித்தபோதே, உட்கார்ந்திருந்த பறவை அவசரமாகப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத் தண்ணீருக்குள் போனது. பன்னிரண்டு பத்துக்கு மற்றது வரவில்லை. ஒரு மணிக்கு விழா முடிந்தது. வரவில்லை. அக்கா நாற்காலிகளை அடுக்க உதவினார், கிழிந்த பலூன்களைப் பொறுக்கினார், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். இரண்டரை மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. லிஃப்ட் பழுது, அது பற்றிய புகாரும் நிலுவையில் இருந்தது, எனவே புகார் சார் வீட்டுக்கு மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மருமகள் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொடுத்து, ஜன்னலோரம் இன்னொரு நாற்காலி போட்டாள்.

புகார் சார் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாகி, மூன்றரையாகி, நாலாயிற்று. வெயில் இருப்பதால் முட்டைக்குச் சூடு போதும் என்று அக்கா ஒரு முறை சொன்னார். அவருக்கா, தனக்கா என்று தெரியாத மாதிரி சொன்னார்.

"வந்துடுச்சு" என்றார் அவர். கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். 4.20. "நாலு மணி பத்து நிமிஷம் லேட். எங்க ஃபேக்டரியா இருந்தா கேட்டுக்கு வெளியவே நிறுத்தியிருப்போம்."

சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

முட்டைகளுக்குள் உயிர் மிச்சம் இருக்கிறதா என்பது அடுத்த ஐந்து நாளும் யாருக்கும் தெரியாது. அந்த ஐந்து நாளும் பறவைகள் நேரம் தவறாமல் மாறி மாறி உட்கார்ந்தன. அக்கா சுற்று வந்தார், படிவம் நிரப்பினார், கழிவறைக் குழாயைச் சரிபார்த்தார், சாயங்காலம் வாளியில் காலை விட்டார். இருபத்தொன்றாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை மூன்று விரலை நீட்டிக் காட்டியது. அக்கா கரைக்குப் போனார். பறவையின் முதுகில் வரி வரியாக மூன்று தலைகள், இறகுக்குள் இருந்து எட்டிப் பார்த்தன. அக்காவுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியிருக்கலாம். முழங்கால் இடம் தராததால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், வெகு நேரம்.

மறுநாள் ஆய்வு. பொறியாளர் அளவு நாடாவோடு வந்தார். புகார் சார் முழங்காலோடு வந்தார். தாயும் தகப்பனும் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு எதிர்க்கரையில், இயந்திரத்தின் கைக்கு எட்டாமல் தப்பிய கைப்பிடியளவு கோரைக்குள் போய்விட்டிருந்தன. குவியலில் பொரியாத ஒரு முட்டை மட்டும் இருந்தது. 'குவியல் பயன்பாட்டில் இல்லை. புகார் முடிக்கப்பட்டது' என்று பொறியாளர் எழுதினார். இயந்திரம் எட்டு நிமிடத்தில் அதை வாரிவிட்டது. மூங்கிலைப் பிடுங்கினார்கள். நாடாவை அக்கா சுருட்டி மரபுப் பிரிவில் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். வேறு இடம் இல்லை.

மாதக் கடைசியில் படிவத்தில், 'இணைக்கப்பட்டோர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் அக்கா 1 என்று எழுதினார். தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, பக்கத்தில் சைபர்கள் விட்டுப்போய்விட்டனவா என்று கேட்டார்கள். விளக்க வேண்டும் என்றுதான் அக்கா நினைத்தார். விளக்குவதற்கு எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்று எண்ணிப் பார்த்ததும் அசதி வந்துவிட்டது. "வழக்கமா போடுறதைப் போட்டுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த நாள் பத்து மணிக்குப் புகார் சார் வந்தார். கையில் காகிதம்.

"நாலு முட்டையில மூணுதான் பொரிஞ்சிருக்கு. ஒண்ணுக்கு யாரு பொறுப்பு?"

அக்கா வாங்கிப் படித்தார். பதினாறாம் தேதி இரைச்சலால் ஒரு முட்டை பாழானது குறித்து முழு ஆய்வு வேண்டும். சம்பவ இடம் குளத்தின் வடகிழக்கு மூலை, நாலு மீட்டர் சுற்றளவு. ஆய்வு முடியும் வரை அந்த இடம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும். அங்கே இனி முளைக்கிற பாசியையும் கோரையையும் யாரும் தொடக்கூடாது.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். புகார் சார் சுவரில் உள்ள நாரைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கால் சற்றுக் கோணலாக வரையப்பட்டிருந்தது.

"ஆய்வுக்கு நீங்க எப்ப சார் வர முடியும்?"

"முழங்கால் வலி இருக்கும்மா. எப்பன்னு சொல்ல முடியாது."

அக்கா பதிந்து, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு மேசையை ஊன்றி, ஒரு கை முழங்காலில் வைத்து, மெதுவாக எழுந்தார். நாடாவைத் தேட வேண்டும். பாய்க்குப் பக்கத்தில்தான் எங்கேயோ வைத்தார்.